மூக்கு தொங்கும் வண்டிக்கு ஸ்பேசரா, ஸ்பிரிங்கா, முழு கிட்டா?

ஸ்டீல் பம்பர் மாட்டி, அதற்குள் வின்ச் (சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் மோட்டார் உருளை) வைத்து, மேலே இரண்டு விளக்கும் போட்டாயிற்று. இப்போது வண்டியைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் மூக்கு லேசாகத் தொங்குகிறது, பிரேக் பிடித்தால் முன்பைவிட அதிகமாகக் குனிகிறது. தார், ஜிம்னி, கூர்க்கா, ஹைலக்ஸ் எதுவானாலும் இதே கதைதான். அப்புறம் ஆளுக்கொரு யோசனை வரும். சென்னை ஜி.பி. ரோட்டில் கேட்டால் "ஸ்பேசர் போட்டுக்கலாம் சார், அரை நாள் வேலை" என்பார்கள், ஆஃப்ரோடு போகும் நண்பர் "ஸ்பிரிங்கையே மாத்திடு, அரைகுறை வேலை வேணாம்" என்பார், இன்னொருவர் நேராக இரண்டு அங்குல லிஃப்ட் கிட்டில் போய் நிற்பார். மூன்று பேர் சொல்வதும் ஏதோ ஒரு வண்டிக்குச் சரிதான், உங்கள் வண்டிக்கு எது என்பதில்தான் சிக்கல்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியில் நிரந்தரமாக இருக்கப்போகிற பாரத்தை ஸ்பிரிங்தான் தாங்க வேண்டும். ஸ்பேசர், அதாவது ஸ்பிரிங்கோடு சேர்த்து வைக்கும் தடித்த வளையம், இழந்த உயரத்தைத் திருப்பிக் கொடுக்கும், தாங்கும் சக்தியைக் கூட்டாது. இருந்தாலும் ஸ்பேசரே போதும் என்கிற வண்டிகள் உண்டு. எதுவுமே வேண்டாம் என்கிற வண்டிகள் அதைவிட அதிகம்.

## கடைக்குப் போகுமுன் அளவு எடுங்கள்

சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை டேப் பிடித்து நான்கு மூலையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று அளவைக் கெடுக்கும், நடுப்புள்ளியிலிருந்து அளந்தால் அந்தத் தொல்லை இல்லை. டேங்க் நிரம்பியிருக்கட்டும், வண்டிக்குள் யாரும் வேண்டாம், தரை சமமாக இருக்க வேண்டும். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தண்ணீர் வடியச் சரிவு கொடுத்திருப்பார்கள், அங்கே அளந்துவிட்டு இடது பக்கம் இறங்கியிருக்கிறது என்று கவலைப்படுபவர்கள் நிறைய. பம்பர் மாட்டுவதற்கு முன் அளவு எடுக்கவில்லையா? அதே மாடல், அதே வேரியன்ட், எதுவும் மாட்டாத வண்டி ஒன்றைத் தேடிப்பிடித்து அதை அளந்துகொள்ளுங்கள்.

அடுத்தது எடை. மாதவரம், செங்குன்றம் பக்கம் லாரிகளுக்கான எடை மேடைகள் இருக்கின்றன. முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு, முழு வண்டியையும் ஏற்றி ஒரு சீட்டு. சின்ன வித்தியாசங்களை அவை துல்லியமாகக் காட்டாது, ஆனாலும் முன் அச்சில் எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஸ்பிரிங் விற்பவர் நிஜமாக விஷயம் தெரிந்தவராக இருந்தால் முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான்.

இந்த எண் ஏன் முக்கியம் என்றால், பம்பரில் ஏற்றிய 100 கிலோ முன் அச்சுக்கு 100 கிலோவாகப் போவதில்லை. பம்பரும் வின்ச்சும் முன் அச்சுக்கும் முன்னால் நீட்டிக்கொண்டு இருப்பதால் நெம்புகோல் கணக்கு வந்துவிடுகிறது. மூன்று கதவு தாரின் வீல்பேஸ் 2,450 மி.மீ. புதுப் பாரத்தின் மையம் முன் அச்சிலிருந்து 600 மி.மீ. முன்னால் இருப்பதாக வைத்துக்கொண்டால், முன் அச்சில் ஏறுவது சுமார் 125 கிலோ, பின் அச்சிலிருந்து குறைவது சுமார் 25 கிலோ. முன்னால் இறங்குகிறது, பின்னால் சில மில்லிமீட்டர் ஏறவும் செய்கிறது. அதனால்தான் கண்ணுக்குத் தெரியும் சாய்வு உண்மையான இறக்கத்தைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது.

எத்தனை மில்லிமீட்டர் இறங்கும்? சக்கரத்தில் ஸ்பிரிங்கின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் என்று ஒரு உதாரணத்துக்கு வைத்தால், ஒரு பக்கத்துக்கு 62 கிலோ கூடும்போது ஏறக்குறைய 20 மி.மீ. இறங்கும். நாம் திருத்தப் பார்ப்பது இந்த 20 மி.மீ. அளவுதான். இதற்கு இரண்டு அங்குல, அதாவது 50 மி.மீ. கிட் எதற்கு என்று அடுத்த முறை யாராவது பேசினால் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. கம்பெனியிலிருந்து வரும்போதே பெரும்பாலான வண்டிகளில் முன்பக்கம் பின்பக்கத்தைவிடச் சற்றுத் தாழ்வாகத்தான் இருக்கும். பின் சீட்டில் மூன்று பேர், டிக்கியில் சாமான் ஏறினால் பின்னால் இறங்கும் என்று கணக்குப் போட்டு வைத்த சாய்வு அது. அதையும் சேர்த்து ஸ்கேல் வைத்த மாதிரி சமமாக்கினால், குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். குறிவைக்க வேண்டியது பழைய உயரத்தை, சமமட்டத்தை இல்லை.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

பாரம் நிரந்தரமா, அவ்வப்போதா என்பது முதல் கேள்வி. மாட்டிய வின்ச் மாட்டியபடியே கிடக்கும், ஆகவே முன்பக்கத்துக்குப் பெரும்பாலும் நிரந்தரம்தான். அடுத்து, வண்டியின் வாரநாள் வாழ்க்கை எப்படி? ஓஎம்ஆரில் ஆபீஸ் போய் வருவது, மெட்ரோ வேலைக்குத் தோண்டிய ரோட்டில் ஊர்வது, தெருவுக்கு நாலு ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்குவது என்று ஓடும் வண்டிக்குச் சவாரி சுகம் பெரிய விஷயம். மூன்றாவது, முன் சஸ்பென்ஷன் எந்த வகை? 2020-க்குப் பிந்தைய தார், ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், புதிய கூர்க்கா எல்லாவற்றிலும் முன் சக்கரங்கள் தனித்தனியாக அசையும், ஜிம்னியில் முன்னும் பின்னும் இறுகிய அச்சு, அதாவது இரு பக்கச் சக்கரங்களையும் ஒரே அச்சு இணைக்கும். ஒன்றுக்குப் பொருந்துவது இன்னொன்றுக்குப் பொருந்தாது. நான்காவது, பில்லில் வராத செலவு: அலைன்மென்ட், டயர் தேய்மானம், சிவி ஜாயிண்ட் (சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகும் வளையும் இணைப்பு), வாரன்டி, இன்ஷூரன்ஸ். கடைசியாக, வேண்டாம் என்று தோன்றினால் பழையபடி மாற்ற முடியுமா?

## வழி 1: எடையைக் குறைப்பது

யாரும் கேட்க விரும்பாத வழி, ஆனால் இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

ஸ்டீல் பம்பர்கள் 40 கிலோவிலிருந்து 70 கிலோ வரை வருகின்றன. நடுத்தர வின்ச் ஒன்று கம்பி ரோப்போடு 35 முதல் 45 கிலோ. கம்பியை எடுத்துவிட்டு சிந்தெடிக் ரோப் போட்டாலே ஏழெட்டுக் கிலோ குறையும், அதுவும் மிகமோசமான இடமான நுனியிலிருந்து குறையும். அடியில் போடும் ஸ்கிட் பிளேட்டுக்கு ஒரு கணக்கு: 3 மி.மீ. ஸ்டீல் தகடு சதுர மீட்டருக்கு 23 கிலோவுக்கு மேல், 6 மி.மீ. அலுமினியம் 16 கிலோவுக்குச் சற்று மேல். தடிமன் இரட்டிப்பாகியும் அலுமினியம்தான் லேசு. கம்பெனி பம்பருக்குப் பின்னால் ஒளித்து வைக்கும் வின்ச் மவுன்ட் எடுத்தால் பெரிய பம்பரின் எடை அப்படியே மிச்சம், வின்ச்சும் அச்சுக்குக் கொஞ்சம் அருகில் வரும்.

ஜிம்னிக்காரர்கள் இதை இரண்டு முறை படிக்கவும். ஐந்து கதவு ஜிம்னியின் வெற்று எடை 1,210 கிலோ வரை, அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,545 கிலோ. மீதி 335. சராசரியாக 70 கிலோ என்று நாலு பேர் ஏறினால் 280 போய்விடும். மிச்சம் 55 கிலோவில் 100 கிலோ பம்பர், வின்ச் எப்படி உட்காரும்? எந்த ஸ்பிரிங் போட்டாலும் அந்த 1,545 என்ற எண் மாறாது. பிரேக்கும் அச்சும் சேசிஸும் பழையவைதானே.

சட்டமும் இங்கே வருகிறது. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், கிராஷ் கார்டு, புல் பார் மாட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுக்கு எதிரானது, நடவடிக்கை எடுங்கள் என்று மாநிலங்களுக்கு எழுதியது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. இரும்புக் குழாயை நீட்டிக்கொண்டு அண்ணா சாலையில் போனால் நிறுத்தப்பட வாய்ப்பு உண்டு. பாதசாரிக்கு அது ஆபத்து என்பதும், முன்பக்கம் நசுங்க வேண்டிய விதமே மாறுவதால் ஏர்பேக் விரியும் நேரம் கெடலாம் என்பதும் இந்த விதியின் பின்னால் உள்ள நியாயமான காரணங்கள். ஆகவே அந்தப் பம்பர் நிஜமாகவே தேவையா என்பதை ஸ்பேசரா ஸ்பிரிங்கா என்பதற்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. வருஷத்துக்கு ஓரிரு முறை மணலிலோ சேற்றிலோ மாட்டுபவருக்கு ஒரு நல்ல கைனெட்டிக் ரோப்பும் (நீண்டு சுருங்கி இழுக்கும் மீட்புக் கயிறு), கூட வரும் இன்னொரு வண்டியும், மண்வெட்டியும் போதும். எல்லாம் டிக்கியில் கிடக்கும், மூக்கு தொங்காது.

எப்போது இது சரிப்படாது? தனியாகக் காட்டுப்பாதை போகிறவர், எஸ்டேட் வேலைக்கு வண்டி வைத்திருப்பவர், வின்ச்சை அடிக்கடி நிஜமாகவே இழுப்பவர். அவர்கள் கீழே போகலாம்.

## வழி 2: ஸ்பேசர்

"ஸ்பேசர் போடுங்க" என்று கடைக்காரர் சொல்லும்போது எந்த ஸ்பேசர் என்று கேளுங்கள், ஏனென்றால் இரண்டு வகை உண்டு, இரண்டின் குணமும் வேறு.

ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் தலையில், வண்டி பாடிக்கும் அதற்கும் நடுவே வைப்பது ஒரு வகை. ஸ்பிரிங்கைக் கழற்றவே வேண்டாம், அதனால்தான் அரை நாள் வேலை. ஆனால் முழு ஸ்ட்ரட்டும் கீழே தள்ளப்படுவதால், சக்கரம் காற்றில் தொங்கும்போது கம்பெனி நினைத்ததைவிடக் கீழே போகும். சிவி ஜாயிண்டும் பால் ஜாயிண்டும் அந்தக் கோணத்தைத் தாங்க வேண்டும், சில வண்டிகளில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் ஆர்ம் ஸ்பிரிங்கில் போய் உரசும். எதிர்ப்பக்கமும் தொல்லைதான். பெரிய பள்ளத்தில் விழும்போது பம்ப் ஸ்டாப் (கடைசி எல்லையில் தாங்கும் ரப்பர்) முழு வேலை செய்வதற்குள் ஷாக் அடிவரை அமுங்கிவிடலாம். தடிமன் சின்னதாக இருக்கும்வரை இதெல்லாம் பெரிதாகத் தெரியாது, ஆசைப்பட்டுக் கூட்டினால் தெரியும்.

ஸ்பிரிங்குக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே வைப்பது இரண்டாவது வகை. இதற்கு ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்ற வேண்டும். அது ஆபத்தான வேலை, முறையான கம்ப்ரஸர் இல்லாத கடையில் செய்யாதீர்கள். ஷாக்கின் நீளம் மாறாததால் சக்கரம் கீழே போகும் எல்லை கம்பெனி வைத்த இடத்திலேயே நிற்கும், சிவி ஜாயிண்ட் பிழைக்கும். பதிலுக்கு, வண்டி உயர்ந்து நிற்பதால் அங்கிருந்து சக்கரம் கீழே இறங்க மிச்சமிருக்கும் தூரம் குறையும். ஸ்பீடு பிரேக்கர் தாண்டி இறங்கும்போது "டொக்" என்று ஒரு சத்தம் வந்தால் அதுதான் காரணம். ஜிம்னி மாதிரி ஸ்பிரிங் தனி, ஷாக் தனி என்று இருக்கும் வண்டியில் போடுவது இந்த வகைதான்.

கணக்கில் எல்லோரும் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. தனித்தனியாக அசையும் முன் சஸ்பென்ஷனில் ஸ்ட்ரட் கீழ் ஆர்மின் நடுவாக்கில் உட்கார்ந்திருக்கும். அதனால் 10 மி.மீ. ஸ்பேசர் சக்கரத்தில் 15 முதல் 20 மி.மீ. உயரமாக மாறும். 20 மி.மீ. இறங்கியிருக்கிறது என்று 20 மி.மீ. ஸ்பேசர் வாங்கினால் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். இறுகிய அச்சில் இந்தப் பெருக்கல் கிடையாது, வைத்த அளவுக்குத்தான் ஏறும்.

சரி, ஸ்பேசர் எதைச் செய்யாது? ஸ்பிரிங்கின் விறைப்பு அப்படியே இருக்கிறது, மேலே 125 கிலோ கூடியிருக்கிறது. ஆகவே உயரம் திரும்பி வந்த பிறகும் பிரேக் பிடித்தால் முன்போலவே குனியும், மேம்பாலத்து ஜாயிண்டுகளில் முன்பக்கம் ஒருமுறைக்குப் பதில் ஒன்றரை முறை ஆடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே புரியும்.

செலவு சில ஆயிரங்களில் முடியும், பழையபடி மாற்றுவதும் எளிது. முன் அச்சில் கூடியது 50 கிலோவுக்குள், இறக்கம் பத்துப் பதினைந்து மில்லிமீட்டர், பெரும்பாலும் நகர ஓட்டம் என்றால் ஸ்பிரிங் இருக்கையில் வைக்கும் மெல்லிய ஸ்பேசர் நியாயமான தேர்வு. அதற்கு மேல் என்றால் அது தோற்றத்துக்கு மட்டும்தான்.

## ரப்பர் பஃபரும் காற்றுப் பையும்

ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே சொருகும் ரப்பர் அல்லது சிலிக்கான் பஃபர் எல்லா ஆக்சஸரீஸ் கடையிலும் கிடைக்கும், விலை மலிவு. அது அந்தச் சுற்றை வேலை செய்ய விடாமல் பூட்டுகிறது, மீதிச் சுற்றுகள் கூடுதலாக உழைக்கின்றன. ஈசிஆர் உப்புக்காற்றில் ரப்பர் உரசிப் பெயின்ட் போன இடத்தில் துரு பிடித்தால் ஸ்பிரிங் உடைவது அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். ஆஃப்ரோடு வண்டிக்கு வேண்டாம்.

காற்றுப் பை நல்ல பொருள், ஆனால் அதன் இடம் பின்பக்கம். காயில் ஸ்பிரிங்குக்குள் வைக்க உள்ளே காலி இடம் வேண்டும், முன் ஸ்ட்ரட்டில் அந்த இடத்தில் ஷாக் இருக்கிறது. பாரம் ஏறி இறங்கும் பின் அச்சுக்குக் காற்றைக் கூட்டிக் குறைப்பது பொருத்தம், மாறாத முன் பாரத்துக்கு அதில் லாபம் இல்லை.

## வழி 3: விறைப்பு கூடிய முன் ஸ்பிரிங்

பாரம் கூடியிருக்கிறது, அதைத் தாங்க வேண்டிய பொருளை மாற்றுகிறோம். நேரான வழி. முன் அச்சில் முதலில் 900 கிலோ இருந்து இப்போது 1,025 ஆனால், பாரம் கூடியது 14 சதவீதம். ஸ்பிரிங்கும் ஏறக்குறைய அவ்வளவே விறைப்பானால் வண்டி பழைய வண்டி மாதிரியே ஆடும், பழைய உயரத்திலேயே நிற்கும். கூடுதல் பாரத்துக்கு ஏற்றபடி ஸ்பிரிங்குகளைத் தரம் பிரித்து விற்கும் ஓல்ட் மேன் ஈமு போன்ற ஆஸ்திரேலியக் கம்பெனிகளின் பட்டியலைப் பார்த்தால் புரியும். பம்பர் இல்லாதது, பம்பர் மட்டும், பம்பரும் வின்ச்சும் என்று ஒவ்வொன்றுக்கும் வேறு பாக எண். எடைச் சீட்டு இங்கேதான் கைகொடுக்கும்.

இதில் பணத்தை வீணடிக்க ஒரு சுலபமான வழி உண்டு: "எதுக்கும் இருக்கட்டும்" என்று ஒரு தரம் மேலே வாங்குவது. வின்ச் அடுத்த வருஷம் வாங்கப் போகிறவர் இன்றைக்கே அதற்கான ஸ்பிரிங் போட்டால், அதுவரை மூக்கைத் தூக்கிக்கொண்டு வேளச்சேரி ரோட்டின் ஒவ்வொரு குழியையும் முதுகெலும்பில் எண்ணிக்கொண்டு போக வேண்டியதுதான். முதலில் வின்ச், அப்புறம் ஸ்பிரிங்.

புதுப்பேட்டையில் "இந்த வண்டியோட ஸ்பிரிங் அதுல உட்காரும் சார்" என்று கிடைப்பதும் இதே ரகம். உட்காரும், சந்தேகமில்லை. ஆனால் விறைப்பு கம்பியின் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 14 மி.மீ. கம்பிக்குப் பதில் 15 மி.மீ. கம்பி என்றால், மற்றதெல்லாம் ஒன்றாகவே இருந்தாலும் விறைப்பு 30 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். கண்ணால் பார்த்து ஒரு மில்லிமீட்டரைக் கண்டுபிடிக்க முடியாது.

மறைந்த செலவு ஷாக்கில் இருக்கிறது. விறைப்பான ஸ்பிரிங் அமுங்கி மீளும்போது வேகமாக மீளும், அதைப் பிடித்து நிறுத்துவது ஷாக்கின் வேலை. 10, 15 சதவீதம் வரை நல்ல நிலையில் இருக்கும் கம்பெனி ஷாக் சமாளிக்கும். 60,000 கிலோமீட்டர் ஓடிய ஷாக்கின் மேல் புது ஸ்பிரிங் போட்டால் வண்டி தூக்கித் தூக்கிப் போடும், பழி ஸ்பிரிங்குக்குப் போகும். இறக்குமதி ஸ்பிரிங் என்றால் காத்திருக்கவும் வேண்டும், இருபதாயிரம் முப்பதாயிரம் என்று போகவும் தயாராக இருக்க வேண்டும்.

பம்பரும் வின்ச்சும் நிரந்தரம், வண்டி புதிது, உயரம் கூட்டும் ஆசை இல்லை. இந்த மூன்றும் பொருந்தினால் வேறு எதையும் யோசிக்காதீர்கள்.

## வழி 4: ஸ்பிரிங், ஷாக் சேர்ந்த முழு கிட்

நான்கு ஸ்பிரிங், நான்கு ஷாக், பெரும்பாலும் 40 அல்லது 50 மி.மீ. உயர்வு. பாரத்தோடு பெரிய டயரும் வேண்டும், பின்பக்கமும் டென்ட், கூடுதல் டீசல், தண்ணீர் என்று ஏறப்போகிறது, பழைய ஷாக்கும் ஓய்ந்துவிட்டது என்றால் இதுதான் கணக்கில் மலிவு, ஏனென்றால் இரண்டு முறை கூலி, இரண்டு முறை அலைன்மென்ட் மிச்சம்.

வெறும் மூக்கைத் தூக்க மட்டும் இது அதிகம். உயரம் கூடும்போது வரிசையாகச் செலவு வரும். தனி சஸ்பென்ஷனில் சக்கர அமைப்பின் கோணங்களான கேம்பர், காஸ்டர் கம்பெனி எல்லைக்குள் வராமல் மேல் கன்ட்ரோல் ஆர்ம் மாற்ற வேண்டியிருக்கலாம். ஜிம்னியில் காஸ்டர் குறைந்து ஸ்டியரிங் 80, 90 வேகத்தில் நிலையில்லாமல் மிதக்கும், அச்சைப் பாடியோடு பிடித்திருக்கும் பான்ஹார்ட் ராடு அதைச் சற்றுப் பக்கவாட்டில் இழுக்கும். ஒவ்வொன்றையும் சரிசெய்யத் தனித்தனிப் பாகம் வேண்டும். முன் கேமரா, ரேடார் உள்ள வண்டி என்றால் அதையும் மறுபடி அளவுதிருத்த வேண்டும். எல்லாம் சேர்த்தால் லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம்.

பள்ளிக்கரணைப் பக்கத்து நண்பர்கள் மழைக்காலத்துக்காக இதைப் பார்ப்பதுண்டு. 50 மி.மீ. உயர்ந்தால் பாடிதான் உயரும். இறுகிய அச்சின் டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும், அதைத் தூக்குவது டயர் மட்டும். தேங்கிய தண்ணீரில் எஞ்சினைக் கொல்வது காற்று உறிஞ்சும் வாயின் உயரம். அந்தத் தேவைக்கு ஸ்நார்கெல் (அந்த வாயை மேலே கொண்டுபோகும் குழாய்) பக்கம் யோசிப்பதே மேல்.

## பழைய வண்டிகளுக்கு ஒரு குறிப்பு

2020-க்கு முந்தைய தார் சிஆர்டிஇ-யில் முன்னால் காயில் இல்லை, டார்ஷன் பார், அதாவது முறுக்கி ஸ்பிரிங் வேலை செய்யும் தண்டு. ஒரு போல்ட்டை முறுக்கினால் மூக்கு ஏறும், செலவு அலைன்மென்ட் கூலி மட்டும். ஆனால் குணத்தில் அது இருக்கையில் வைக்கும் ஸ்பேசரேதான். விறைப்பு கூடாது, சக்கரம் கீழே போக மிச்சமிருக்கும் தூரம் குறையும். அதனால் இழந்த உயரத்தைத் திருப்பும் அளவோடு நிறுத்த வேண்டும்.

ஜிப்ஸி மாதிரி லீஃப் ஸ்பிரிங் வண்டிக்கு ஒரு பட்டை கூட்டுவது நல்ல வழி. உயரமும் விறைப்பும் சேர்ந்தே கூடும், லாரி பட்டறையிலேயே செய்யலாம். சவாரி கடினமாகும், ஆனால் ஜிப்ஸிக்காரர்களிடம் அதைப் போய்ச் சொல்ல வேண்டியதில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | பாரம் தாங்குமா | நகரச் சவாரி | செலவு | பில்லில் வராதது | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| எடை குறைப்பு | தேவையே குறையும் | பழையபடி | மிச்சம் | ஆசையை விட வேண்டும் | ஜிம்னி, எப்போதாவது ஆஃப்ரோடு |
| தலை ஸ்பேசர் | இல்லை | குனிவது தொடரும் | சில ஆயிரம் | சிவி ஜாயிண்ட், பால் ஜாயிண்ட் | தவிர்க்கலாம் |
| இருக்கை ஸ்பேசர் | இல்லை | ஏறக்குறைய பழையபடி | சில ஆயிரம், கூலி கூட | கீழிறங்கும் தூரம் குறையும் | 50 கிலோவுக்குள் |
| ரப்பர் பஃபர் | ஓரளவு | கடினம் | மிக மலிவு | ஸ்பிரிங் உடையலாம் | யாருக்கும் வேண்டாம் |
| முன் ஸ்பிரிங் | ஆம் | சரியான தரம் என்றால் நன்று | நடுத்தரம் | ஓய்ந்த ஷாக் | நிரந்தர பம்பர், வின்ச் |
| முழு கிட் | ஆம் | கிட்டைப் பொறுத்தது | லட்சம், அதற்கு மேல் | ஆர்ம், காஸ்டர், வாரன்டி | முன்னும் பின்னும் பாரம், பெரிய டயர் |

## மாட்டிய பிறகு

எதைப் போட்டாலும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். தனி சஸ்பென்ஷனில் உயரம் மாறினாலே டோ, அதாவது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, மாறும், கவனிக்காவிட்டால் முன் டயர் உள்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ தின்றுவிடும். புது ஸ்பிரிங் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் படியும், ஆகவே ஐந்நூறு கிலோமீட்டர் கழித்து எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சில் பார்த்து, டேப் எடுத்து நான்கு மூலையும் மறுபடி அளந்து, அலைன்மென்ட்டை இன்னொரு முறை செய்துகொள்ளுங்கள். ஆர்ம் புஷ் (ஆர்மின் ரப்பர் இணைப்பு) போல்ட்டுகளை, வண்டி தரையில் தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கவிட்டபடி இறுக்கிய புஷ் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். பல கடைகளில் அவசரத்தில் விட்டுவிடுகிற வேலை இது, பக்கத்தில் நின்று கேளுங்கள்.

இடது வலது ஸ்பிரிங் வேறு வேறாக வரும் வண்டிகள் இருக்கின்றன. பெட்டியில் உள்ள பாக எண்ணைப் பார்த்து எது எந்தப் பக்கம் என்று உறுதிசெய்யாமல் மாட்ட விடாதீர்கள். கழற்றிய பழைய ஸ்பிரிங்கைக் கடையில் விட்டு வராதீர்கள், வண்டியை விற்கும்போதோ வாரன்டி பேச்சு வரும்போதோ தேவைப்படும். செய்த மாற்றத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்கள் பதிலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தெரிவிக்காத மாற்றம் க்ளெய்ம் சமயத்தில்தான் தலைதூக்கும்.

கடைசியில் ஹெட்லைட். முன்பக்கம் 20 மி.மீ. ஏறினாலே தூரத்தில் ஒளி எங்கே விழுகிறது என்பது நன்றாக மாறிவிடும். ராத்திரி ஒரு சுவருக்கு முன் வண்டியை நிறுத்தி, வேலைக்கு முன்பே ஒளியின் மேல் விளிம்பை டேப் ஒட்டிக் குறித்து வைத்திருந்தால், வேலை முடிந்து அதே இடத்தில் நிறுத்தி ஸ்க்ரூவைத் திருப்பி அந்தக் கோட்டுக்கே கொண்டுவந்துவிடலாம்.